புல்லுக்குள் தெரிந்த முகம்

பூங்காவனம் தன் முதல் கடமானைச் சுட்டு வீழ்த்திய அன்று சாயங்காலம் ஈச்சமடு ஊரில் அழாத குழந்தை இல்லை, அது கறி வேகும்வரை பொறுக்க முடியாத அழுகை. மறுநாள் விடிந்தபோதும் அழாத குழந்தை இல்லை, ஆனால் அது வேறு அழுகை, அந்த மலையில் அதற்கு முன்னால் யாரும் கேட்டிராத அழுகை.

அந்த ஊரில் ஒரே ஒரு துப்பாக்கிதான் இருந்தது. அது சடையன் வீட்டுத் துப்பாக்கி, சடையன் வீட்டுக் கைதான் அதைத் தொடலாம் என்பது ஊர்க்கட்டு. சடையன் தேனெடுக்கப் போன பாறையில் கயிறு அறுந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு படுத்துவிட்டான். அந்த வருஷம் சாமையும் கருகி, ராகியும் கருகி, காட்டுக் கிழங்கைத் தோண்டித் தோண்டிக் கிழங்கும் இல்லாமல் போனது. அவன் மனைவி பூங்காவனம் ஒருநாள் எழுந்து சுவரில் தொங்கிய துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அதை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது சடையன் தடுக்கவும் இல்லை, போய் வா என்று சொல்லவும் இல்லை.

முதலில் அவள் வெறுங்கையோடு திரும்பினாள். அப்புறமும் வெறுங்கையோடு திரும்பினாள். ஒரு நாள் கால் மெட்டி கல்லில் பட்டு மான்கள் ஓடின, மெட்டியைக் கழற்றினாள். ஒரு நாள் வளையல் சத்தத்துக்கு ஓடின, வளையலைக் கழற்றினாள். ஒரு நாள் எந்தச் சத்தமும் இல்லாமலே ஓடின. அன்றைக்குத்தான் காற்று அவள் வாசனையை அவளுக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. அடுத்த நாள் அடுப்புச் சாம்பலை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ஊர் ஆண்கள் ஊற்றங்கரையில் உட்கார்ந்து, "பூங்காவனம் மான் பாத்துட்டு வர்றா, மானும் பூங்காவனத்தப் பாத்துட்டுப் போவுது" என்று சிரித்தார்கள். சிரிப்பதற்கும் அவர்களிடம் தெம்பு குறைவாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அவள் அதைக் கண்டது கூரை வேயும் போதைப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்த சரிவில். கிழட்டுக் கடமான், காளைமாட்டு உயரம், கழுத்து மயிரில் சேறு உலர்ந்து தொங்கியது. விரலிடுக்கில் சாம்பலை உதிர்த்துப் பார்த்தாள். சாம்பல் அவள் முகத்துக்கே திரும்பி வந்தது, காற்று மானிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் வயிற்றால் ஊர்ந்தாள். மான் மெல்லும்போது ஊர்ந்தாள், மெல்வது நின்றபோது கல்லானாள், மறுபடி மென்றபோது மறுபடி ஊர்ந்தாள். வெயில் அவள் முதுகில் ஏறி இறங்கியது, எறும்புகள் கழுத்தில் ஏறி இறங்கின, கண்ணில் வியர்வை வழிந்தது, அவள் துடைக்கவில்லை. புல்லை விலக்கிப் பார்த்தபோது மான் கைக்கெட்டும் தூரம் என்று சொல்லும்படி இருந்தது.

அப்போது அது தலையைத் தூக்கி நேராக அவள் முகத்தைப் பார்த்தது. காதுகள் இரண்டும் அவள் பக்கம் திரும்பின. முன்னங்காலைத் தரையில் தட்டியது. பூங்காவனம் இமைக்கவில்லை. அவள் கண்ணில் அந்த மானைத் தவிர வேறு எதுவுமே இல்லை, உலகத்தில் வேறு எதுவும் இருப்பதாக அவளுக்கு நினைவும் இல்லை. மான் நெடுநேரம் பார்த்தது. பிறகு, அங்கே இருப்பது ஒன்றுமில்லை என்று முடிவு செய்ததைப் போல, தலையைக் குனிந்து புல்லைக் கடித்தது. அவள் சுட்டாள்.

ஆண்கள் கழி கொண்டுபோய்க் கட்டித் தூக்கி வந்தார்கள். கழி வளைந்தது. ஊர் மூப்பர் எல்லப்பன் மானின் ரத்தத்தைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தார். "இனிமே உன்னப் பாத்து எவனும் சிரிக்க மாட்டான்" என்றார். கறியைத் தேக்கிலையில் வீட்டுக்கு ஒரு கூறாகப் போட்டார்கள். படுத்திருந்த சடையனுக்கு மார்க்கறி போனது. பால்பல் விழுந்துகொண்டிருந்த மகள் பவளாவுக்குப் பக்கத்து வீட்டுக் குள்ளம்மா ஈரலைத் தணலில் சுட்டு ஊதி ஊதிக் கொடுத்தாள். பூங்காவனம் மட்டும் தின்னவில்லை. முதல் வேட்டை அடித்த கை அந்தக் கறியைத் தொடக் கூடாது என்பதும் ஊர்க்கட்டு. அவள் பழைய ராகியில் காய்ச்சிய கொஞ்சம் கூழைக் குடித்துவிட்டு, ஊர் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் கன்னத்தில் கொழுப்பு பளபளத்தது. அதைப் பார்த்ததிலேயே அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை, மகளும் சடையனும் எழுவதற்கு முன்னால், அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். அவள் புன்னை மரத்தைத் தாண்டியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது. குள்ளம்மா வலது காலைத் தூக்கித் தரையில் தட்டினாள். அடுத்த கணம் குடங்கள் உருள, சேலைகள் முள்ளில் கிழிய, எல்லாரும் சரிவில் பாய்ந்து ஓடினார்கள்.

பூங்காவனம் தன் பின்னால் சிறுத்தை வருகிறது என்று நினைத்துச் சடாரென்று திரும்பினாள். அங்கே ஒன்றும் இல்லை. காலிப் பாதைதான் இருந்தது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் பவளா ஆட்டுக்குட்டிக்குத் தழை ஊட்டிக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டதும் தழையைக் கீழே போட்டாள், உடம்பு விறைத்தது, மூக்குத் துளை விரிந்தது. "பாப்பா" என்று பூங்காவனம் ஓர் அடி வைத்தாள். பவளா வேலியைத் தாண்டிப் பாறைமேல் ஏறிப் பாய்ந்தாள், வழுக்கி விழுந்தாள், முழங்கால் கிழிந்து ரத்தம் ஒழுக ஒழுக நிற்காமல் ஓடினாள். ஓடும்போது அவள் அழுத அழுகைதான் அந்தப் புது அழுகை. பூங்காவனம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். துரத்திக்கொண்டு போனால் குழந்தை பள்ளத்தில் விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

நெடுநேரம் கழித்து எல்லப்பன் தூரத்துப் பாறையின் மேல் வந்து நின்று கூப்பிட்டார்.

"பொண்ணே, அங்கயே இரு. எழுந்துக்காத."

"நான் என்னா பண்ணினேன் மூப்பரே?"

"நீ ஒண்ணும் பண்ணல. ஊர்ல ஒருத்தருக்கும் உம்மேல கோவமில்ல. உன்னக் கண்டா கால் நிக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

"ஏன்?"

எல்லப்பன் பாறையில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார், மறுபடி உட்கார முயன்றார். "கறி தின்ன எல்லாருக்கும் ஒரே ஞாபகம் வந்துக்குது. புல்லு. புல்லுக்குள்ள உன் மூஞ்சி. நீ எங்களப் பாக்கறே. அப்புறம் பெரிய சத்தம். நான் அங்க இல்லன்னு எனக்குத் தெரியும் பொண்ணே. நான் வூட்டுல கூடை முடைஞ்சுகிட்டு இருந்தேன். ஆனா நான்தான் அங்க நின்னேன். என்னத்தான் பாத்தே."

அன்று மதியம் ஊர் கூடியது. காற்று அவளிடமிருந்து ஊருக்கு வீசும்படியாக அவளை மேட்டில் உட்கார வைத்தார்கள், அவள் எங்கே இருக்கிறாள் என்று மூக்குக்குத் தெரிந்துகொண்டே இருந்தால்தான் கூட்டத்தால் உட்கார முடிந்தது. பூசாரியை வேப்பிலை அடிக்கச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். "பேயா இருந்தா ஓட்டிருவேன். இது ஞாபகம். ஞாபகத்த எந்த மரத்துல ஆணி அடிக்கறது?" என்றார். அவளை ஊரைவிட்டுப் போகச் சொல்லலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. பசித்துக் கிடந்த ஊருக்குக் கறி போட்டவளை அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும். ஆகவே ஏற்பாடுகள் செய்தார்கள். பூங்காவனம் எங்கே போனாலும் காற்று முதுகில் படும்படிப் போக வேண்டும். மூப்பர் வீட்டுப் பசுவின் கழுத்து மணியை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். உச்சிவெயிலில் ஊற்று அவளுக்கு மட்டும். பவளா குள்ளம்மா வீட்டில் இருக்கட்டும். இதையெல்லாம் எல்லப்பன் ஒவ்வொன்றாகக் கத்திச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் பூங்காவனம் தலையை ஆட்ட, முடிவில் குள்ளம்மா கூட்டத்திலிருந்து எழுந்து, "எங்கள மன்னிச்சுக்கோ பூங்கா, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தாள்.

மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள், ஈச்சமடுக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். மணிச்சத்தம் கேட்டால் ஆண்கள் பேச்சை நிறுத்தி, மணி போகும்வரை பொறுத்திருந்து, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்கள். கல்யாணம் ஒன்று வந்தபோது மணமேடையைக் காற்று பார்த்துப் போட்டார்கள், எதிர்மேட்டுப் பாறையில் அவளுக்கென்று ஓர் இலை போட்டுச் சோறும் வைத்தார்கள். அந்தப் பயத்தால் நன்மைகளும் வந்தன. ஆட்டுப்பட்டிக்கு வந்த சிறுத்தையை அது வேலியைத் தொடும் முன்பே ஊர் முழுக்க எழுந்து விரட்டியது. மரம் வெட்டும் கூப்புக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணிகள் வந்தபோதெல்லாம் வெறும் குடிசைகளைத்தான் பார்த்தார்கள். அடுப்பு எரியும், கூழ் கொதிக்கும், ஆள் இருக்காது. அடுத்த மலைக்காரர்கள் இவர்களை நிமிர்ந்த காதுக்காரர்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அந்தப் பெயரில் இவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டானது. ஊருக்கு எல்லாம் சரியாகிவிட்டது. பூங்காவனத்துக்குத்தான் ஒன்றும் சரியாகவில்லை. அவள் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள், அன்று உடுத்திய சேலையை எரித்தாள், தலைமுடியை மழித்தாள், துப்பாக்கியை உடைத்து மடுவில் போட்டாள். ஒவ்வொன்றும் செய்துவிட்டு மணியடித்துக்கொண்டு ஊருக்குள் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஊர் தலையைத் தூக்கியது.

சடையன் மட்டும் ஓடவில்லை. அவனால் ஓட முடியாது.

அவளை முதல்நாள் கண்டபோதே அவன் எழப் பார்த்து, கட்டிய கால் இழுக்க, பாயில் விழுந்து துடித்தான். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போனால் அவனுக்கு நெஞ்சு வெடித்துவிடும், போகாவிட்டால் அவனுக்குக் கஞ்சி கொடுக்க ஆளில்லை. அன்றிலிருந்து அவள் பின்புறமாக நடந்து உள்ளே போய், முதுகைக் காட்டியபடியே கிண்ணத்தை அவன் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வருவாள். அவன் பற்கள் கிடுகிடுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்கும்.

ஒருநாள் அவன் பேசினான்.

"பூங்கா, கொஞ்சம் உக்காரு. நான் நடுங்கினா கண்டுக்காத. உடம்புதான் நடுங்குது."

அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "மாமா, ஒண்ணு கேக்கறேன். அந்த மூஞ்சி அவ்வளவு கொடூரமாவா இருக்குது?"

சடையன் நிறைய மான் சுட்டவன். சுட்ட மான்கள் எதைப் பார்த்துக்கொண்டு செத்தன என்று அவன் அதுவரை யோசித்ததில்லை.

"கொடூரமா இருந்தா தேவல" என்றான். "கொடூரமா இருந்தா உடனே ஓடியிருப்பேன். நீ கோவமாப் பாக்கல பூங்கா. ஆசையாப் பாக்கறே. பவளா பொறந்தப்ப துணியில சுத்தி உங் கையில குடுத்தாங்களே, அப்பப் பாத்தியே, அந்தப் பார்வ. அதனாலதான் நான் தலையக் குனிஞ்சு புல்லக் கடிச்சேன். இப்படிப் பாக்கறவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன்."

பூங்காவனம் இத்தனை நாளும் தன் முகத்தில் ஏதோ பேய்ச்சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கழுவிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மகளைக் கொஞ்சும் முகமும் மானைக் கொன்ற முகமும் ஒரே முகம். கறி தின்ற நாளிலிருந்து எப்போதெல்லாம் மகளைப் பாசத்தோடு பார்த்தாளோ அப்போதெல்லாம் மகள் துப்பாக்கி வெடிப்பதற்காகக் காத்திருந்திருக்கிறாள். அவள் எழுந்து வெளியே வந்தாள். வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

அதற்கப்புறம் அவள் மகளைத் தேடிப் போகவில்லை. ஆனால் பார்க்காமல் எத்தனை நாள் இருக்க முடியும். மழை பெய்து புல் மறுபடி உயர்ந்தது. குள்ளம்மாவின் ஆடுகளைப் பவளா அந்தச் சரிவுக்கு ஓட்டிவர ஆரம்பித்தாள் என்று தெரிந்ததும், பூங்காவனம் ஒருநாள் இடுப்பு மணியை அவிழ்த்து வைத்தாள். தான் என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்தேதான் அவிழ்த்தாள். சாம்பலை முடிந்துகொண்டாள். காற்றைப் பார்த்தாள். வயிற்றால் ஊர்ந்தாள். மகள் பாடும்போது ஊர்ந்தாள், பாட்டு நின்றபோது கல்லானாள், மறுபடி பாடியபோது மறுபடி ஊர்ந்தாள். புல்லை விலக்கியபோது பவளா கைக்கெட்டும் தூரம் என்று சொல்லும்படி இருந்தாள்.

குழந்தை வளர்ந்திருந்தாள். விழுந்த பல் இருந்த இடத்தில் புதுப்பல் அரிசிபோல் முளைத்திருந்தது. முழங்காலில் காயம் ஆறி வழவழப்பாக இருந்தது. குள்ளம்மா தலையை இழுத்துப் பின்னியிருந்தாள், அவளுக்குப் பின்னலைத் தளர்த்திப் போடத் தெரியாது. பூங்காவனம் பார்த்தாள், பார்த்தாள், இமைக்காமல் பார்த்தாள், கண்ணில் மகளைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

பவளா தலையைத் தூக்கினாள். நேராகத் தாயின் முகத்தைப் பார்த்தாள். காலைத் தரையில் தட்டினாள்.

அப்போதுதான் பூங்காவனத்துக்குத் தன் கைகள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்தது. ஒரு கை முன்னால் நீண்டும் மறு கை மடங்கித் தோளோடு ஒட்டியும், இல்லாத துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆள்காட்டி விரல் தானாக மடங்கியிருந்தது. அவள் அந்த விரலைப் பார்த்த அதிர்ச்சியில் கத்தக்கூட முடியாமல் வாயைத் திறந்தபடி கிடந்தாள். இந்த மானும் இப்போது தலையைக் குனிந்துவிடும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. ஓடிவிடு பாப்பா, ஓடிவிடு என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். மகள் ஓட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பவளா ஓடவில்லை. தொடைகள் நடுங்கின, பாவாடை நடுங்கியது, பிடித்திருந்த கோல் நடுங்கியது. ஆடுகள் அவளைச் சுற்றி மேய்ந்துகொண்டே இருந்தன. அவை அந்தக் கறியைத் தின்னவில்லை.

"அம்மா."

பூங்காவனம் அசையவில்லை.

"அம்மா, நீ இருக்கறது தெரியுது. என்னப் பாக்காத. கண்ண மூடிக்கோ."

"மூடினா?"

"மூடிக்கோ. தொறக்கக் கூடாது."

பூங்காவனம் கண்களை மூடினாள். இருட்டானது. காதுகள் தாமாக விரிந்தன. காய்ந்த சருகில் ஓர் அடி விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னோர் அடி. அது தன் மகளின் அடிதான் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் நெருங்கி வருவது எதுவென்று அவள் உடம்புக்குத் தெரியவில்லை. வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது, தன்னைப் பார்க்கிறது, தன்னால் அதைப் பார்க்க முடியவில்லை. முதுகில் மயிர் சிலிர்த்தது. நெஞ்சு தரையில் மோதியது. கால்கள் எழுந்து பாயத் துடித்தன, எந்தப் பக்கம் வேண்டுமானாலும், பள்ளத்தில் விழுந்தாலும் பரவாயில்லை, பாய்ந்துவிட வேண்டும். இதைத்தான் இவர்கள் எல்லாரும் சுமந்துகொண்டு தண்ணீர் மொண்டார்கள், கல்யாணம் செய்தார்கள், தனக்கு இலை போட்டுச் சோறு வைத்தார்கள். அவள் இரண்டு கையாலும் புல்லை வேரோடு பற்றிக்கொண்டு கிடந்தாள். அடி மிக அருகில் வந்து நின்றது. மூச்சு கேட்டது. புல் விலகியது.

மழித்தபின் முடி முளைத்திருந்த அவள் தலையின் மேல் ஒரு சின்னக் கை வந்து படிந்தது.

இருவரில் யார் நடுங்குகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை எடுக்கப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது கீழே இறங்கி அவள் காதைத் தொட்டது, கன்னத்தைத் தொட்டது, மூடிய இமைகளின் மேல் விரலை வைத்து, சரியாக மூடியிருக்கின்றனவா என்று அழுத்திப் பார்த்தது. பிறகு அவள் விரல் ஒன்றைப் பிடித்து இழுத்தது.

பவளா முன்னால் நடக்க, கண்ணை மூடியபடி பூங்காவனம் பின்னால் நடந்தாள். கல் இடறியது, முள் கிழித்தது, அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஊற்றங்கரைக்கு அவர்கள் வந்தபோது பெண்கள் தலையைத் தூக்கினார்கள் என்பது குடங்களின் சத்தம் ஒரேயடியாக நின்றதில் அவளுக்குத் தெரிந்தது. மணி இல்லாமல், காற்றும் எதிராக வீச, நட்டநடு ஊருக்குள் அவள் வந்துகொண்டிருந்தாள். யாரோ காலைத் தரையில் தட்டினார்கள். அவள் காத்திருந்தாள். குடங்கள் உருளவில்லை. மெல்ல, ஒவ்வொன்றாக, தண்ணீர் மொள்ளும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. குள்ளம்மாவின் குரல் மிக அருகில், நடுங்கிக்கொண்டே, "பாத்து வா பூங்கா, அங்க படி இருக்குது" என்றது.

பூங்காவனத்தின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. அவள் மகளின் பக்கம் குனிந்து கேட்டாள்.

"இப்பத் தொறக்கட்டுமா பாப்பா?"

பவளா யோசித்தாள். பிடித்திருந்த விரலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"வேணாம்மா" என்றாள். "நீ வா."